சந்தனச் சட்டை, இரண்டாவது செட்

அக்டோபர் 8, ஞாயிறு

வெறும் வயிற்றில் 142.

தினமும் சர்க்கரை அளவை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. இந்த டைரி மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒரே ஒரு எண்ணுக்கு ஒரு முழுப் பக்கமா? நாற்பது வருஷம் சினிமாவில் காஸ்ட்யூமராக இருந்தவன் நான். அரை முழம் துணி வீணானால்கூட அசிஸ்டெண்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். காகிதம் வீணாவதும் பொறுக்கவில்லை. மிச்ச இடத்தில் அன்றன்று நடந்ததை எழுதலாம் என்றிருக்கிறேன்.

மெஷின் காட்டியது 178. அதை எழுதினால் டாக்டரம்மா திட்டுவார். 142 போதும்.

இன்று மாலை ஏழு மணிக்கு டி.வி.யில் 'சந்தனச் சட்டை' தொடங்கியது. ஆறு ஞாயிறு, ஆறு பாகம். கடைசிப் பாகம் தீபாவளி அன்று. அம்பத்தூரிலிருந்து மகள் பூங்கொடி காலையிலிருந்து மூன்று போன். "ப்பா, உன் கேஸுப்பா! மறக்காம பாரு!" என்று ஒரே கும்மாளம்.

என் கேஸ் ஒன்றும் இல்லை. நடிகர் ராஜரூபன் கேஸ். 1992இல் அவர் மனைவி சுகிர்தா, அவரும் நடிகைதான், வீட்டுக்குள்ளேயே கத்திக்குத்துப் பட்டு இறந்து கிடந்தார். ராஜரூபன் சார் மேல் வழக்கு. இரண்டு வருஷம் டீக்கடையில் வேறு பேச்சில்லை. கடைசியில் அவரைக் காப்பாற்றியது ஒரு சட்டை. அன்று ஷூட்டிங் முடிந்ததும் போட்டிருந்த சந்தனக் கலர் சட்டையைக் கழற்றிக் கொடுக்காமல் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை போலீஸ் வந்தபோதும் அதே சட்டையில்தான் இருந்தார். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. 'ஒரு சொட்டு இல்லை' என்று ரசிகர்கள் ஊர்ச் சுவரெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டையைத் தைத்தவன் நான். கோர்ட்டில் அதைப் பற்றிச் சாட்சி சொன்னவனும் நான்.

தொடரில் எல்லாருக்கும் பேர் மாற்றி, 'யாவும் கற்பனையே' என்று எழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரை ஏமாற்ற? மாசிலாமணி என்ற எனக்கு அதில் 'மணி' என்று பேர். ஒரு காமெடி நடிகர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வருகிறார். படுத்துத் தூங்கும்போதும் டேப் கழுத்தில் கிடக்கும் போலிருக்கிறது.

உடைகள் மகா மோசம். 92இல் அந்தக் காலர் யார் வைத்தார்கள்? ஒரே சட்டையைத் தேய்த்துத் தேய்த்து எல்லாக் காட்சிக்கும் ஓட்டுகிறார்கள், மடிப்பு தெரிகிறது. நாங்கள் எதைத் தைத்தாலும் இரண்டு செட். வெயிலில் ஒன்று வெளுக்கும், டீ கொட்டும், கிழியும். ஷாட்டுக்கு ஷாட் சட்டை மாறிக் கன்டினியூட்டி போய்விட்டால் டைரக்டர் கொன்றுவிடுவார். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று கீழ்மடிப்பின் உள்பக்கம் சிவப்பு நூலில் அடையாளம் போடுவேன். முதல் செட்டுக்கு ஒரு தையல், இரண்டாவதற்கு இரண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

டிரைவர் வேஷத்தில் ஒரு தடியனைப் போட்டிருக்கிறார்கள். சாரின் நிஜ டிரைவர் இன்னாசி ஒல்லி.

அக்டோபர் 10, செவ்வாய்

138. மோட்டார் ரிப்பேர், லிஃப்டும் ஓடவில்லை. தண்ணீர் இல்லை. நான்காவது மாடிக்கு நானே எட்டு குடம். முட்டி போச்சு.

அக்டோபர் 12, வியாழன்

140.

ரேஷன் கடையில் பிலோமினா எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றாள். இன்னாசியின் மகள். நாற்பது வயதிருக்கும். பின் தெரு நர்சரி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. புருஷன் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

என்னோடு அவள் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. இன்று துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்த்தாள். வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "இதான் அந்த டிரைவர் பொண்ணு" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். நான் பாமாயில் பாக்கெட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

145.

இரண்டாவது பாகம். எங்கள் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் நம் வீட்டு ஹாலில். மனைவி தனபாக்கியம் சுண்டல் செய்தாள். நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது இப்படி இல்லை, அது அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளதைச் சொல்வதானால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆன காஸ்ட்யூமரை யார் மதிக்கிறார்கள்?

மூன்றாவது மாடி சடகோபன் சார் பேங்கில் இருந்தவர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள்.

"மாஸ்டர், எல்லாச் சட்டையும் ரெண்டு செட் தைப்போம்னு அன்னைக்கு லிஃப்ட்ல சொன்னீங்களே? அப்ப இந்தச் சட்டையும் ரெண்டு இருந்திருக்கணுமே?"

"அது ஃபைட் சீனுக்கு சார். இது வீட்டுக்குள்ள நடக்கிற சாதாரண சீன். ஒரே செட்தான். கோர்ட்லயும் அதைத்தான் சொன்னேன்."

"ஓஹோ" என்றார்.

சமையலறையில் தனபாக்கியம் கையிலிருந்து ஒரு தட்டு கீழே விழுந்தது. சில்வர் தட்டு, உடையவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

141.

மூன்றாவது பாகம். டிரைவர் கூண்டில் ஏறுகிற காட்சி. "கொலை நடந்த மறுநாள் காலை அஞ்சரை மணிக்கு முதலாளி அனுப்பி, நான்தான் காஸ்ட்யூமரைக் காரில் அழைத்து வந்தேன். அவர் கையில் ஒரு காகிதப் பார்சல் இருந்தது" என்று சொல்கிறார். வக்கீல் சிரிக்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது. அடுத்து நான். அதாவது 'மணி'. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பொய்! அன்று காலை நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஆளை நான் பார்க்கவே இல்லை" என்கிறார். கைதட்டல் வராத குறைதான்.

நான் அப்படி நிமிர்ந்தெல்லாம் நிற்கவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தமாகச் சொல்லும்படி ஜட்ஜ் இரண்டு தரம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் வக்கீல் வழக்கை இன்னாசி பக்கம் திருப்பினார். வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது, சுகிர்தா அம்மா அவனைத் திட்டியிருக்கிறார், இப்போது இல்லாத பார்சல் கதை சொல்கிறான், ஏன்? போலீஸ் அவனைப் பதினோரு நாள் வைத்திருந்தது. ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விடும்போது ஒரு கால் சரியாக ஊன்ற முடியவில்லை. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனைக் காருக்குப் பக்கத்தில் விடவில்லை. 2003இல் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒரு தரம் வடபழனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான் உட்காரப் போனேன். அவன் எழுந்து, அந்தக் காலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோயம்பேடு வரைக்கும்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, கத்தரிக்கோலுக்கும் இஞ்ச் டேப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி. அதனால் இன்று அளக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து என் நோட்டுகளையும் எடுத்து அடுக்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டு. சீன் நம்பர், யாருக்கு, எத்தனை செட், பக்கத்தில் துணியில் ஒரு துண்டு குண்டூசியால் குத்தியிருக்கும். கோர்ட்டில் நோட்டைக் கேட்டபோது மழையில் நனைந்து போச்சு என்று சொன்னேன். அந்த 92ஆம் வருஷப் படத்து நோட்டு அடியில் இருந்தது. பூஜையில் வைத்ததைப் பிரிக்கக் கூடாது. நல்லவேளை.

அக்டோபர் 29, ஞாயிறு

நான்காவது பாகம். தலைசுற்றல். பாதியில் எழுந்து படுத்துவிட்டேன். வந்தவர்களைத் தனபாக்கியம் அனுப்பிவிட்டாள்.

அக்டோபர் 30, திங்கள்

139 என்று எழுதலாம். இன்று மெஷினையே எடுக்கவில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். டாக்டரம்மாவிடம் காட்டும்போது இந்தப் பக்கங்களைக் கிளிப் போட்டுச் சேர்த்துவிடுகிறேன்.

நேற்றுத் தொடரில் கோர்ட் மேஜையில் சட்டையை விரித்துக் காட்டினார்கள். வக்கீல் அதை உள்பக்கம் திருப்பினார். கேமரா கிட்டே போனது. கீழ்மடிப்பில் சிவப்பு நூலில் இரண்டு தையல்.

அந்தத் தொடரின் காஸ்ட்யூமரைக் குறை சொன்னேன் அல்லவா? பாவம், அவர் கெட்டிக்காரர். போலீஸ் எடுத்த பழைய போட்டோவைத் தேடிப் பிடித்து அச்சு அசலாகத் தைத்திருக்கிறார். அந்த இரண்டு தையல் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. போலீஸுக்கும் தெரியவில்லை, ஏதோ சலவைக் குறி என்று எழுதிவிட்டார்கள். ஊரே பார்த்தது. யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

ஷூட்டிங்கில் சார் போட்டிருந்தது ஒரு தையல் போட்ட சட்டை. நான்தான் காலையில் மாட்டிவிட்டேன். கோர்ட்டில் இருந்தது இரண்டாவது செட். அது என் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டை.

மறுநாள் விடியற்காலையில் இன்னாசி வந்து கதவைத் தட்டினான். "மாஸ்டர், அந்த சந்தனச் சட்டை ரெண்டாவது செட்டோட உடனே வரச் சொன்னாரு" என்றான். நானும் போனேன். ஷூட்டிங் அவசரம் என்று நினைத்தேன். சார் பின்கட்டு வாசலுக்கு வந்து சட்டையை வாங்கிக்கொண்டார். ஒரு பார்சலை என் கையில் கொடுத்து, "துவைக்க வேணாம் மாசி, தூக்கிப் போட்டுடு" என்றார். அப்போது உள்ளே அந்த அம்மா இறந்து கிடந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் ரேடியோவில்தான் கேட்டேன். பார்சலில் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. இது சத்தியம்.

எனக்கு யூனியன் கார்டு வாங்கிக் கொடுத்தவர் அவர். பிள்ளைகுட்டிக்காரன் நான் என்ன செய்திருக்க முடியும்?

நவம்பர் 2, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்று கல்லறைத் திருநாள். பேப்பர் வாங்கக் கிளம்பியவன் எப்படியோ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நின்றேன்.

எங்கே பார்த்தாலும் மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவும். இன்னாசி கல்லறையைத் தேட வேண்டியிருக்கவில்லை, அங்கேதான் கூட்டம். மூன்று பையன்கள் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தார்கள். ஒருவன் சந்தனக் கலர் சட்டை போட்டு வந்திருந்தான், அதற்கென்றே வாங்கியிருப்பான். "நண்பர்களே, கொலைகாரன் இங்கேதான் நிம்மதியாத் தூங்கிட்டிருக்கான்" என்று கேமராவைப் பார்த்துப் பேசினான். பிலோமினா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மழையில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது, அவள் ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்கப்பா சாகும்போது ஏதாவது ஒத்துக்கிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றான் ஒருவன்.

நான் மரத்துக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் பார்த்துவிட்டாள். எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே வந்தாள்.

"என்ன மாஸ்டர், நீங்களும் வீடியோ எடுக்க வந்தீங்களா?"

இருபது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ஐந்தாவது பாகம். நானும் தனபாக்கியமும் மட்டும் பார்த்தோம். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

டிரைவரே கத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். சிரிக்கிறான். திரை கருப்பாகிறது. 'உண்மை அடுத்த ஞாயிறு' என்று எழுத்து.

இன்னாசி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான்.

நவம்பர் 6, திங்கள்

பிலோமினாவைப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெற்றோர் சில பேர் வந்து, கொலைகாரன் மகள் கையில் குழந்தையை எப்படி விடுவது என்று கேட்டார்களாம். "விஷயம் கொஞ்சம் அடங்கட்டும்மா" என்று கரெஸ்பாண்டெண்ட் சொன்னாராம். காய்கறி வண்டியில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள் தனபாக்கியம். கீரையை ஆயாமல் அப்படியே முறத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடங்கட்டும் என்றால்? ஞாயிற்றுக்கிழமை டிரைவர்தான் கொலைகாரன் என்று டி.வி.யில் முடித்துவிட்டால் அப்புறம் எங்கே அடங்குவது? சார் போய் ஆறு வருஷம் ஆச்சு. சிலைகூட வைத்துவிட்டார்கள். இன்னாசி பக்கம் பேச உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

நவம்பர் 7, செவ்வாய்

அளக்கவில்லை. தூக்கமும் இல்லை.

நவம்பர் 8, புதன்

மழை. ஹாலுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாள் தனபாக்கியம். ஈர வேட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள். முகம் தெரியவில்லை.

"ஏங்க, பார்சல்ல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"டைரியப் படிச்சியா?"

"டாக்டர்கிட்ட காட்டற டைரிதானே. சத்தியம்னு வேற எழுதியிருக்கீங்க."

"நான் பிரிக்கல தனம். பிரிக்கவே இல்ல."

"நீங்க பிரிக்கல. என் கையில குடுத்து, வெந்நீர் அடுப்புல போட்டுருன்னீங்க. நான் பிரிச்சேன். முழுத் துணியா போட்டா எரியாதுன்னு பிரிச்சேன். முன்பக்கம் பூரா, கைப்பக்கம் பூரா." அவள் குரல் மாறவே இல்லை. "அன்னிக்கு வெந்நீர்ல பூங்கொடிக்குத் தலைக்கு ஊத்தி ஸ்கூலுக்கு அனுப்பினேன். அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு. சாம்பல்ல சிப்பிப் பொத்தான் எரியாம கிடந்துச்சு. ஒண்ணொண்ணாப் பொறுக்கி கூவத்துல போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

வேட்டியை இழுத்துச் சரி செய்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த வீடு, பூங்கொடி கல்யாணம், இருபது வருஷ வேலை, எல்லாம் அந்த அடுப்புலதான் வெந்துச்சு. நானும் சேந்துதான் சாப்பிட்டேன். உங்களை மட்டும் சொல்லல. ஆனா சத்தியம்னு மட்டும் எழுதாதீங்க."

எழுதியதை அடிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரியும். அடுப்பில் போடு என்று சொன்னபோதே பார்சலின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. காகிதம் கையோடு ஒட்டியது.

நவம்பர் 10, வெள்ளி

நோட்டைப் பிரித்தேன். சீன் 41. ஹீரோ. சந்தனக் கலர் டெரிகாட்டன் சட்டை. 2 செட். என் கையெழுத்துதான். துணித் துண்டு இன்னும் கலர் போகாமல் இருக்கிறது.

அதே பக்கத்தின் பின்னால் இன்னொன்றும் குத்தியிருக்கிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்பதும் பொய். அதற்காகத்தான் முப்பத்தோரு வருஷமாக அந்த நோட்டைத் திறக்கவில்லை.

நவம்பர் 11, சனி

பிலோமினா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள், வெளியே இரண்டு பேர் கேமராவோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியிலேயே நின்று, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு செட், இரண்டு தையல், காலை அஞ்சரை மணி, அவள் அப்பா காரில் வந்து கூப்பிட்டது, பார்சல், அடுப்பு. மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சுதா மாஸ்டர்?"

"முடிஞ்சுதும்மா."

"இதை எதுக்கு எங்கிட்ட குசுகுசுன்னு சொல்றீங்க? எங்கப்பா பொய் சொல்லலைன்னு எனக்குச் சொல்லணுமா?" சொல்லும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஊரு முன்னாடி பொய்யன்னு சொன்னீங்க. ஊரு முன்னாடி சொல்லுங்க. அதோ நிக்கறாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. இல்லன்னா போயிட்டு வாங்க. நாளைக்கு தீபாவளி, வீட்ல பலகாரம் செய்வாங்க."

வீட்டுக்கு வந்து பூங்கொடிக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் கத்தினாள். "செத்துப்போனவருக்காக உயிரோட இருக்கறவங்களைக் கொல்றியாப்பா? என் மாமியார் வீட்ல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்? உன்னை ஜெயில்ல போட்டா?" என் மகள், நான் தைத்துப் போட்டு வளர்த்த மகள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போனை வைத்துவிட்டாள். தனபாக்கியம் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சி முடித்து, ஆறவைத்து, மாவு பிசையாமல் அப்படியே மூடிவிட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புதுச்சட்டை போட மனசு வரவில்லை. பழைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். தனபாக்கியமும் புடவை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"நீ எதுக்கு?"

"எரிச்சது நான்தானே."

பிலோமினா வீட்டு வாசலில் நேற்றைய இரண்டு பேரோடு இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கடைசிப் பாகம் வருகிற நாள் அல்லவா? அடுத்த சந்தில் பத்தாயிரம் வாலா வெடித்துக்கொண்டிருந்தது. சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தோம். அப்புறம் நான் என் பேரைச் சொன்னேன். மாசிலாமணி, காஸ்ட்யூமர், 94இல் சாட்சி சொன்னவன். நோட்டைப் பிரித்து '2 செட்' என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். அவர்களில் ஒருவன் தொடரில் வந்த சட்டையை போனில் நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினான். இரண்டு தையலையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப டிரைவர் சொன்னது?"

"ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். பொய் சொன்னது நான்."

"இவ்ளோ வருஷம் ஏன் சொல்லல சார்?"

பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். பயம் முதல் வருஷம் மட்டும்தான் இருந்தது. "நல்லா இருந்தேன். அதனால சொல்லல" என்றேன்.

தனபாக்கியமும் சொன்னாள். அடுப்பு என்று தொடங்கியபோது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிலோமினா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தனபாக்கியத்திடம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

நோட்டின் பின்பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

மாலை ஏழு மணிக்குக் கடைசிப் பாகம் வந்தது. டிரைவர்தான் கொலைகாரன் என்று முடித்தார்கள். எடுத்து வைத்ததைப் போடாமல் இருப்பார்களா? அதற்குள் எங்கள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. எட்டு மணியிலிருந்து போன் ஓயவில்லை. டி.வி.காரர்கள், பத்திரிகைக்காரர்கள், ஒரு வக்கீல். சாரின் ரசிகர் என்று சொல்லி ஒருவன் அம்மா ஆத்தா என்று அரை மணி நேரம் திட்டினான். பூங்கொடி மட்டும் பேசவில்லை.

நவம்பர் 13, திங்கள்

வெறும் வயிற்றில் 211. மெஷின் காட்டியது இதுதான்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்து, நாளை வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நோட்டையும் எடுத்து வரச் சொன்னார்கள். என்ன செய்வார்களோ, செய்யட்டும். லிஃப்ட் வாசலில் சடகோபன் சார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் படியில் இறங்கிப் போய்விட்டார்.

நாலு மணிக்கு பிலோமினா வந்தாள். என் குடையைக் கொண்டுவந்து கதவோரம் சாய்த்து வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நாளை வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதைத் தனபாக்கியத்திடம்தான் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்த நோட்டு போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாக்கணும்."

கொடுத்தேன். சீன் 41. துணித் துண்டைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தையல் நூல் சுருட்டிக் குண்டூசியால் குத்தியிருக்கிறது. அதில் நாலு முடிச்சு. தோள், மார்பு, இடுப்பு, உயரம். டேப் இல்லாதவர்கள் நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொடுப்பார்கள். பக்கத்தில் என் கையெழுத்து: 'இன்னாசி மகள், புதுநன்மை கவுன், வெள்ளை.' சர்ச்சில் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாளில் போடுகிற கவுன்.

"இது என்ன?"

"அன்னிக்குக் கார்ல வரும்போது உங்கப்பா குடுத்தாரு. பொண்ணு புதுநன்மை வாங்கப் போவுது, ஹீரோயின் கவுன் தைச்ச வெள்ளை சாட்டின் மிச்சம் இருந்தா தைச்சுக் குடு மாஸ்டர்னாரு. நானும் சரின்னேன்."

தனபாக்கியம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்போதும் உட்காரவில்லை.

"முந்தின நாள் சாயங்காலம் என்னை நிக்க வச்சு அப்பாதான் அளந்தாரு. கிச்சுகிச்சு ஆவுதுன்னு நான் ஆடிக்கிட்டே இருந்தேன். மறுநாள் ராத்திரி வந்து, மாஸ்டர் கையில குடுத்துட்டேன், சாட்டின்ல தைச்சுத் தருவாருன்னு சொன்னாரு. ரெண்டு நாள்ல விசாரணை, சாட்சின்னு அவரை அலைய வச்சுட்டாங்க. கவுனும் வரல, புதுநன்மையும் இல்ல. அப்புறம் நீங்க கோர்ட்ல அன்னிக்கு அப்பாவைப் பாக்கவே இல்லன்னு சொன்னீங்க. எனக்குப் பதினோரு வயசு. பாக்கவே இல்லன்னா நூலை எப்படிக் குடுத்திருப்பாரு?" நோட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "குடிச்சுட்டு எங்கயோ தொலைச்சுட்டு எங்கிட்ட பொய் சொல்லிட்டாருன்னு நினைச்சேன். நூல் விஷயத்துல பொய் சொன்னவரு மத்ததுலயும் சொல்லியிருப்பாரோன்னு. சாகற வரைக்கும் அவரை நானும் முழுசா நம்பல மாஸ்டர்."

ஊரில் இருக்கிற எல்லாரும் நம்பாமல் போனது என்னால் என்று தெரியும். அவன் வீட்டுக்குள்ளேயும் போய் அதைச் செய்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

குண்டூசி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பிக் கழற்றி நூலை அவள் கையில் வைத்தேன். போலீஸுக்குச் சட்டைத் துணி போதும். அவள் நூலைப் பிரித்து, முதல் முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். நாலாவது முடிச்சில் நின்றாள்.

"நீ குடுத்துட்டுத்தான் வந்திருக்கேப்பா" என்றாள்.

நூலைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.